அழியாத கோப்பும் அவசர ஃபார்மட்டும்

கணினியில் ஒரு கோப்பு அழிய மாட்டேன் என்கிறதா? யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஃபார்மட் அடிச்சிடு!" எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை இது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் இந்த யோசனை விளையாட்டு இல்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினியே அதுதான். அக்காவின் ப்ராஜெக்ட், தம்பி சேர்த்த பாட்டு, கல்யாண ஃபோட்டோ, ஸ்கேன் செய்த மார்க் ஷீட் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். இன்னொரு காப்பி எங்கும் இருக்காது. அழியாத ஒரே ஒரு கோப்புக்காக அத்தனையையும் பலி கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

உண்மையில் கோப்புக்குப் பிடிவாதம் எதுவும் கிடையாது. அது அழிய மறுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணத்தை விண்டோஸே திரையில் சொல்லிவிடும். அதைப் படிக்காமல் ஓகே பட்டனை அமுக்குவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அடிக்கடி வரும் காரணம், அந்தக் கோப்பை வேறொரு நிரல் திறந்து வைத்திருப்பது. படம் ஓடி முடிந்திருக்கும், ஆனால் பிளேயர் பின்னால் உயிரோடு இருக்கும். டாஸ்க் மேனேஜரில் அதை மூடினால் போதும், இல்லாவிட்டால் ஒரு ரீஸ்டார்ட். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லையா? விண்டோஸ் 7 முதல் கூடவே வரும் ரிசோர்ஸ் மானிட்டரில், சிபியு பக்கத்தில் கோப்பின் பெயரைத் தேடினால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

அடுத்தது முகவரியின் நீளம். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டு முழு முகவரி 260 எழுத்தைத் தொட்டுவிட்டால் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் திணறும். மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கினால் சத்தமில்லாமல் அழிந்துவிடும்.

இனி அந்தப் புகழ்பெற்ற "கான்" கதை. அந்தப் பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது, ஏன் என்று மைக்ரோசாஃப்டுக்கே தெரியாது, இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்று ஒரு மின்னஞ்சல் பல வருடங்கள் சுற்றியது. பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் உண்மை இல்லை :-) டாஸ் காலத்திலிருந்தே கான், பிஆர்என், ஆக்ஸ், நல், காம்1, எல்பிடி1 போன்றவை கருவிகளுக்கென ஒதுக்கிய பெயர்கள். கான் என்றால் கீபோர்டும் திரையும், பிஆர்என் என்றால் பிரிண்டர். கமாண்ட் ப்ராம்ப்டில் முகவரிக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, மறுபடி ஒரு பின்சாய்கோடு சேர்த்தால் அந்தப் பெயரில் ஃபோல்டர் உருவாக்கலாம். லேபில் யாரோ குறும்புக்கு உருவாக்கிவிட்டுப் போன ஃபோல்டரை அழிப்பதும் அதே வழியில்தான், ஆர்டி என்ற கட்டளையால்.

இதே தந்திரத்தை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தினார்கள். பென் டிரைவ் வைரஸ்கள் ஆட்டோரன் கோப்பு வழியாகப் பரவிய காலத்தில், சில தடுப்பு மென்பொருட்கள் பென் டிரைவில் அதே பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, உள்ளே எல்பிடி3 என்று தொடங்கும் கோப்பு ஒன்றைப் போட்டு வைத்தன. அந்த ஃபோல்டர் அழியாது. அது இருக்கும்வரை வைரஸ் அந்தப் பெயரில் கோப்பு போட முடியாது. விவரம் தெரியாதவர் அதையே வைரஸ் என்று நினைத்து மல்லுக்கு நிற்பார். காவலாளியைத் திருடன் என்று அடித்து விரட்டினால் எப்படி?

விண்டோஸின் சொந்தக் கோப்புகளும் இப்படித்தான். விஸ்டாவிலிருந்து அவற்றில் பலவற்றின் உரிமை டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற கணக்கிடம் இருக்கிறது. இடம் போதவில்லை என்று அந்த உரிமையைப் பிடுங்கி அழித்தால், மறுநாள் கணினி எழுந்திருக்காமல் போகலாம்.

"எதையும் அழிப்போம்" என்று சொல்லும் இலவச மென்பொருட்களில் இரண்டு ஆபத்து. காரணம் கேட்காமல் அழிப்பது ஒன்று. கண்ட தளத்திலிருந்து இறக்கினால் கூடவே டூல்பாரும் விளம்பரமும் குடியேறுவது இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் தரும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் இலவசம்தான், இந்தத் தொல்லையும் கிடையாது.

இன்னொரு வேடிக்கை உண்டு. இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சிடாக் உருவாக்கிய இயங்குதளம் அது. விண்டோஸை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு லினக்ஸில் நுழைந்தால், விண்டோஸ் பிடித்து வைத்திருந்த கோப்பை அங்கிருந்து அழித்துவிடலாம். வைரஸும் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். கையிலேயே மருந்தை வைத்துக்கொண்டு, கிடைத்த முதல் வாரத்திலேயே அந்த லினக்ஸை ஃபார்மட் அடித்தவர்கள் எத்தனை பேரோ! ஆனால் அங்கே தடுக்க ஆள் இல்லை, சிஸ்டம் கோப்பும் அதே வேகத்தில் போய்விடும்.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விண்டோஸுக்குத் தமிழ் இடைமுகத் தொகுப்பு வந்தும் அதை நிறுவித் தருபவர்கள் குறைவு. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நாலு வரி வந்தால், அது மிரட்டலாகத்தான் தெரியும். எம்எஸ் வேர்டில் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லித் தரும் கணினி வகுப்பு, ஒரே ஒரு பீரியட் பிழைச் செய்திகளை வாசித்துப் பொருள் சொல்லித் தந்தால் எவ்வளவோ ஃபோட்டோக்கள் தப்பிக்கும்.

அடுத்த முறை கோப்பு அழிய மறுத்தால் முதலில் அந்த நாலு வரியைப் படியுங்கள். புரியாவிட்டால் எழுதி வைத்துக்கொண்டு விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். அப்படியும் ஃபார்மட்தான் வழி என்றால், வேண்டியதையெல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு அடியுங்கள். அழிந்த பிறகு அழுது பயனில்லை.