எட்டு முட்டை, குஞ்சு இல்லை



சென்ற இதழில் ஆப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பு பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான். ஜோடி என்று சொல்லித்தான் வாங்கினோம். ஒட்டிக்கொண்டே உட்காருகின்றன, ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன, பானைக்குள் எட்டு முட்டைகூட இருக்கிறது, ஆனால் ஒன்றுகூடப் பொரியவில்லையே, ஏன்?

எட்டு என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்தப் பறவையில் ஒரு பெட்டை வழக்கமாக நான்கிலிருந்து ஆறு முட்டை வரைதான் இடும். எட்டு, பத்து என்று போனால் கூண்டுக்குள் இருப்பது அநேகமாக இரண்டு பெட்டைகள். இரண்டும் ஒரே பானையில் இட்டுவிட்டு, சேர்ந்தே அடைகாத்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே செந்நிற நரம்பு ஓடியிருக்காது. அத்தனையும் கூமுட்டை.

விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே கோபப்பட வேண்டாம். பல நேரம் அவருக்கே தெரியாது. நம் ஊரில் வெறுமனே லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கப்படும் பட்ஜி என்றால், மூக்குச் சதை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பு என்றால் பெண் என்று பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிவிடும். (முழு வெள்ளை, முழு மஞ்சள் ரகங்களில் அதுவும் காலை வாரிவிடும்.) எக்லெக்டஸ் கிளியில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. இரண்டும் வேறு வேறு இனம் என்றே ஐரோப்பிய அறிஞர்கள் ஒரு காலத்தில் எழுதிவைத்திருந்தார்கள். ஆனால் ஆப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ், சன் கொன்யூர், ஆப்ரிக்கன் கிரே, மக்காவ் போன்றவற்றில் நம் கண்ணுக்குப் பிடிபடும் வித்தியாசம் கிடையாது. பழகிய கைகள் வாலடியில் விரல் வைத்து இடுப்பெலும்பின் இடைவெளியைத் தடவிப் பார்க்கும். முட்டையிடும் பருவத்துப் பெட்டைக்கு அது சற்று அகலம். இளம் பறவையிடம் அந்த வித்தை பலிக்காது. டி.என்.ஏ. சோதனை வருவதற்கு முன் மருத்துவர்கள் பறவைக்கு மயக்க மருந்து கொடுத்து, இடது பக்கம் சிறு துளை போட்டு, குழாய்க் கருவியால் உள்ளே பார்த்தார்கள். ஒரு சின்னக் கேள்விக்கு எவ்வளவு பெரிய விலை!

இப்போது மார்பிலிருந்து நாலைந்து சிற்றிறகு போதும். மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் தரும் குரோமோசோமைப் பொறுத்தது. பறவையில் இது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. எனவே குஞ்சின் பாலினத்தை முடிவு செய்வது தாய். சி.எச்.டி. என்ற மரபணு இந்த இரண்டு குரோமோசோம்களிலும் இருக்கிறது, ஆனால் அதன் ஒரு பகுதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நீளம். அந்தத் துண்டை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுகிறார்கள். ஒரு கோடு தெரிந்தால் ஆண், இரண்டு தெரிந்தால் பெண். பெரும்பாலான பறவைகளுக்கும் பொருந்தும்படி ரிச்சர்ட் கிரிஃபித்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நெருப்புக்கோழி, ஈமு போன்றவற்றுக்கு இது உதவாது, அவற்றில் இரண்டு குரோமோசோமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். (பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்பில் பணத்தை இழந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.)

இடையில் ஒன்று. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்று ஸ்கேன் சென்டர் வாசலில் பலகை தொங்கும் நாடு நம்முடையது. அதற்கென்றே 1994இல் சட்டம் போட வேண்டியிருந்தது. அதே தெருவில் பறவைக்காரர் ஒருவர், ரிசல்ட்டில் பெட்டை என்று வந்ததற்காக இனிப்பு வாங்கிக் கொடுக்கிறார். எனக்கு அந்த இனிப்பு பிடித்திருந்தது.

சரி, ரிசல்ட் சரியாக வந்துவிட்டால் குஞ்சு கிடைத்துவிடுமா? இதற்குப் பிரேசிலில் நடந்த ஒரு கதை உண்டு. ‘ரியோ’ படத்தில் வரும் நீலப் பறவையைக் குழந்தைகள் மறந்திருக்கமாட்டார்கள். அது ஸ்பிக்ஸ் மக்காவ். பாஹியா மாநிலத்தில் குராசா என்ற சிற்றூரை ஒட்டிய வறண்ட காட்டில், 1990இல் அந்த இனத்தில் ஒரே ஒரு பறவை மிஞ்சியிருந்தது தெரியவந்தது. மற்றவை மரம் அழிந்தும், கூண்டு வியாபாரிகள் பிடித்தும் போய்ச் சேர்ந்திருந்தன. தன் இனத்தில் யாரும் இல்லாததால் இன்னொரு மக்காவ் இனத்துப் பறவையோடு அது சுற்றிக்கொண்டிருந்தது. வளர்ப்பில் இருந்தவற்றில் ஒன்றைத் துணையாக விடலாம் என்றார்கள். ஆனால் காட்டில் இருப்பது ஆணா, பெண்ணா? பிடித்துப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. கைநழுவினால் காட்டில் அந்த இனமே இல்லை. அது உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி எடுத்து, கிரிஃபித்ஸும் பேலா திவாரியும் டி.என்.ஏ. பார்த்தார்கள். ஆண் என்று தெரிந்தது. 1995இல் அந்த முடிவு ‘நேச்சர்’ இதழில் வந்தது.

அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு பெட்டையை விட்டார்கள். இரண்டும் சேர்ந்து பறக்கவும் செய்தன. சில வாரங்களில் பெட்டையைக் காணோம். மின்கம்பியில் மோதிவிட்டது என்று பின்னால் பேசப்பட்டது. ஆண் தன் பழைய துணையிடமே திரும்பிவிட்டது. 2000 அக்டோபருக்குப் பிறகு அதையும் யாரும் பார்க்கவில்லை. வளர்ப்பில் பெருகிய பறவைகளிலிருந்து எட்டை மீண்டும் அதே காட்டில் விட 2022 ஜூன் வரை ஆனது. ஆய்வகம் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஆணும் பெண்ணும் என்று தாளில் இருப்பது ஒன்று, ஜோடி சேர்வது வேறு. உங்கள் கூண்டிலும் இதே கதைதான். வயது, சத்து, பானை, வெளிச்சம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை ஒன்றுக்குப் பிடிக்க வேண்டும். மலடா என்பதையும் அந்தத் தாள் சொல்லாது.

அவர்கள் உதிர்ந்த இறகில் பார்த்தார்களே, நமக்கு மட்டும் ஏன் பிடுங்கச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். கூண்டுத் தரையில் கிடக்கும் இறகு எச்சம் பட்டுக் கெட்டிருக்கும், எந்தப் பறவையுடையது என்பதும் நிச்சயமில்லை. பறவையைத் துணியில் சுற்றிப் பிடித்து, மார்பிறகை அடியோடு, வளரும் திசையிலேயே வெடுக்கென்று இழுங்கள். தண்டின் நுனியில் வெளுத்த சின்ன முனை தெரியும். தேவையானது அதுதான், அதை விரலால் தொடாதீர்கள். பிளாஸ்டிக் வேண்டாம், காகித உறை. அடுத்த பறவைக்குப் போகுமுன் கையைக் கழுவுங்கள். பெட்டையின் துணுக்கு ஆணின் உறைக்குள் போனால் ஜெல்லில் இரண்டு கோடு விழும், ஆண் பெட்டையாகிவிடும். காலில் வளையம் இருந்தால் அதன் எண்ணை உறையில் எழுதுங்கள். எண் இல்லாத ரிசல்ட் தாளைக் காட்டி யாராவது ஜோடி விற்றால், அந்தத் தாள் எந்தப் பறவைக்கு உரியது என்று கேளுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு பறவை, குஞ்சு எடுக்கும் எண்ணமும் இல்லை என்றால் செலவு வேண்டாம் என்பேன். இருந்தாலும் ஒரு காரணம் உண்டு. துணையில்லாத பெட்டையும் முட்டையிடும், சில சமயம் முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். பெட்டை என்று தெரிந்தால் கடல்நுரை எப்போதும் கூண்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் ஓடலாம்.

பச்சைக்கிளிக்கு எங்கே சோதனை செய்வது என்று கேட்டிருந்த இருவருக்கும்: நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிலர் கடிதத்தோடு இறகையும் செலோ டேப் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். நம் அலுவலகத்தில் இருப்பது இரண்டு கணினி, ஒரு டீ பிளாஸ்க், அவ்வளவுதான். இறகை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எங்களுக்குப் பறவையின் படத்தை அனுப்புங்கள், அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்