ஆறு நூற்றாண்டாக ஓயாத வாசிப்பு

நெதர்லாந்தின் ஸ்வோல்லே நகருக்கு அருகே ஒரு மடத்தில் நூல்களைப் பிரதியெடுத்து வாழ்ந்த துறவி தாமஸ் கெம்பிஸ். 15ஆம் நூற்றாண்டில் அவர் லத்தீனில் எழுதிய ‘கிறிஸ்துநாதர் அனுசாரம்’ என்ற நூல் நான்கே பகுதிகள் கொண்டது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் அதைப் போற்றினார். பிரெஞ்சுத் துறவி லிசியே தெரேசாவுக்கு அது மனப்பாடம். புராட்டஸ்டண்டான ஜான் வெஸ்லி 1735இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். விவேகானந்தர் 1889இல் அதை வங்க மொழியில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். இவர்களை ஈர்த்தது வாதத்திறன் அல்ல. புகழாசை, வீண்பேச்சு, பிறரைத் தீர்ப்பிடுதல் என நம் அன்றாடக் குறைகளை அது நேராகத் தொடுகிறது. பக்தியோடு படிப்பவர் நாளுக்கு ஓர் அதிகாரம் படித்து, அதன்படி தன்னைத் திருத்திக்கொள்ள முயல்கிறார். எழுத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. எந்த மதத்தவரானாலும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.