அவனைப் போகச் சொன்னேன்

 

'அவனைப் போகச் சொன்னேன்.' இச்சிறு வாக்கியத்தைச் சற்று உற்று நோக்குங்கள். இதில் வினைகள் இரண்டு. சொன்னவன் நான், போக வேண்டியவன் அவன். ஆயினும் அவன் இங்கு எழுவாயாக நிற்கவில்லை. 'அவனை' என்று இரண்டாம் வேற்றுமை உருபேற்றுச் செயப்படுபொருளாக நிற்கிறான். அவனது செயலும் 'போனான்', 'போவான்' என்று காலமும் பாலும் காட்டாமல், 'போக' என்ற அளவில் நின்றுவிடுகிறது. நம் இலக்கண நூலார் இதனைச் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பர்.

இனி ஆங்கிலத்தைப் பாருங்கள். 'ஐ டோல்ட் ஹிம் டு கோ.' 'ஹீ' என்னும் எழுவாய் வடிவம் 'ஹிம்' ஆயிற்று. 'கோஸ்', 'வென்ட்' என்றெல்லாம் திரியாமல் 'டு கோ' என்று வினை நின்றது. சொற்களின் வரிசை வேறே தவிர, அமைப்பு நம்முடையதே! ஆங்கிலத்தில் மிகக் கடினம் என்று நம் பிள்ளைகள் அஞ்சும் ஓர் இலக்கணத்தை, நாம் நாள்தோறும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியாயின், இவ்விடத்தில் பிழைகள் மலிவது ஏன்? காரணங்கள் மூன்று.

முதலாவது, 'சொல்' என்னும் ஒரே தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'சே', 'டெல்' என இரு சொற்கள் உள்ளன. ஏவும் பொருளில் ஆளைச் சுட்டி, அடுத்து 'டு' சேர்த்து எழுத வேண்டுமாயின் 'டெல்' மட்டுமே வரும். 'ஹீ செட் மீ டு கம்' என்பது பிழை. 'ஹீ டோல்ட் மீ டு கம்' என்பதே சரி.

இரண்டாவது, 'அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என நாம் நினைக்கிறோம். அதனை அப்படியே பெயர்த்து, 'ஐ வாண்ட் தட் ஹீ ஷுட் கம்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலேயர் 'ஐ வாண்ட் ஹிம் டு கம்' என்றே கூறுவர்.

மூன்றாவது, அரபு பயிலும் மாணவர்களுக்கே உரியது. 'உரீது அன் யத்ஹப' என்னும்போது, 'அன்' என்பதற்குப் பின் வரும் வினையே போகிறவன் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. அதே பழக்கம் ஆங்கிலத்திலும் 'தட்' என்று புகுந்துவிடுகிறது.

இனி விதிகளைக் காண்போம். 'ஐ', 'ஹீ', 'ஷீ', 'வீ', 'தே' ஆகியவை இவ்விடத்தில் முறையே 'மீ', 'ஹிம்', 'ஹெர்', 'அஸ்', 'தெம்' ஆகும். 'யூ', 'இட்' இரண்டும் மாறா. முன்நிற்கும் வினை இறந்த காலமாயினும் பின்வரும் வினை மாறாது. 'ஹீ ஆஸ்க்ட் ஹெர் டு வெயிட்' என்க. 'டு வெயிட்டட்' என்னற்க.

'டெல்', 'ஆஸ்க்', 'வாண்ட்', 'அட்வைஸ்', 'அலவ்', 'எக்ஸ்பெக்ட்', 'வார்ன்', 'ரிமைண்ட்', 'ரிக்வயர்' போன்ற பெரும்பாலான வினைகளுக்குப் பின் 'டு' வரும். 'லெட்', 'மேக்' என்னும் இரண்டுக்குப் பின் 'டு' வாராது. இதை நினைவிற்கொள்ளத் தமிழே துணை செய்கிறது. 'என்னைப் போகவிடு', 'என்னைக் காக்கவைத்தான்' என்று 'விடு', 'வை' ஆகியவற்றை நாம் எச்சத்தோடு ஒட்டியே சொல்கிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் அவ்வாறே 'லெட் மீ கோ', 'ஹீ மேட் மீ வெயிட்' என்று இடையில் 'டு' இன்றி ஒட்டி வரும். 'சீ', 'ஹியர்' என்னும் காணல், கேட்டல் வினைகளும் இவ்வகையினவே. 'ஹெல்ப்' மட்டும் இரு வகையாலும் வரும்.

ஆனால் செயப்பாட்டு வினையில் மறைந்த 'டு' திரும்பி வந்துவிடும். 'ஐ வாஸ் மேட் டு வெயிட்' என்றே எழுத வேண்டும். 'லெட்' என்பதற்கோ, 'ஐ வாஸ் அலவ்ட் டு கோ' என வேறு சொல்லை ஆள்வதே வழக்கு.

'சஜஸ்ட்', 'ஹோப்' ஆகியவை இவ்வமைப்பையே ஏலா. 'ஐ சஜஸ்டட் ஹிம் டு கோ' என்பது தவறு; 'ஐ சஜஸ்டட் தட் ஹீ ஷுட் கோ' என்க. 'ஐ ஹோப் ஹிம் டு கம்' என்பதும் தவறு. 'ஐ ஹோப் ஹீ வில் கம்' என்க.

எந்த வினை எதனை ஏற்கும் என்பதை ஊகித்தறிதல் இயலாது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி என்னும் அறிஞர், பிறமொழி மாணாக்கர் படும் இத்தொல்லையை உணர்ந்து, வினைகளின் அமைப்பு முறைகளைத் தம் அகராதியிலேயே குறித்துத் தந்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அந்நூலை 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இன்றும் மாணவர்க்கான நல்ல அகராதிகள் இக்குறிப்புகளைத் தருகின்றன. பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடாமல், அருகிலுள்ள எடுத்துக்காட்டையும் படிக்கும்படி பிள்ளைகளைப் பழக்குங்கள்.

'பொருள் விளங்கினால் போதாதா, இத்தனை நுணுக்கம் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். பொருளே தலைகீழாக மாறும் இடங்கள் உண்டு என்பதால்தான் வற்புறுத்துகிறேன்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் ஒருவர், முன்பிருந்த பணியிலிருந்து விலகத் தாமே அனுமதி கேட்டதைக் கூற விரும்புகிறார் என்று கொள்வோம். 'ஐ ஆஸ்க்ட் டு லீவ்' என்றால் அப்பொருள் கிடைக்கும். 'ஐ வாஸ் ஆஸ்க்ட் டு லீவ்' என்று எழுதிவிட்டாலோ, அவரை வெளியேறச் சொல்லிவிட்டார்கள் என்று பொருளாகிவிடும்! 'வாஸ்' என்னும் ஒரு சொல் ஒருவரது பிழைப்பையே கெடுத்துவிடக்கூடும்.

அவ்வாறே, 'த டாக்டர் டோல்ட் ஹெர் நாட் டு ஸ்டாப் த டேப்லட்ஸ்' என்றால், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் தடுத்தார் என்பது பொருள். 'த டாக்டர் டிட் நாட் டெல் ஹெர் டு ஸ்டாப்' என்றால், நிறுத்தும்படி அவர் சொல்லவில்லை என்பது மட்டுமே. முன்னது தடை; பின்னது தடையன்று. 'நாட்' நிற்கும் இடத்தை நோக்குங்கள்.

வெளிநாடு செல்வோர் கையொப்பமிடும் ஒப்பந்தங்களிலும் இவ்வமைப்பு நிறைய வரும். வெள்ளிக்கிழமை வேலையைப் பற்றி 'அலவ்ஸ் யூ டு வொர்க்' என்றிருந்தால் அது உங்கள் விருப்பம். 'ரிக்வயர்ஸ் யூ டு வொர்க்' என்றிருந்தால் அது கட்டாயம். எஞ்சிய சொற்கள் அனைத்தும் ஒன்றே. முன்நிற்கும் வினைதான் முழுச் சுமையையும் தாங்குகிறது. அதனைப் படித்தறியாமல் கையொப்பமிடலாமா?

இறுதியாக, வீட்டில் பிள்ளைகளோடு சொல்லிப் பழகச் சில வாக்கியங்கள்:

உம்மா எங்களைச் சீக்கிரம் வரச் சொன்னார் – மதர் டோல்ட் அஸ் டு கம் எர்லி.

வாப்பா அவளைப் படிக்கவிட்டார் – ஃபாதர் லெட் ஹெர் ஸ்டடி.

நீங்கள் எனக்கு உதவ வேண்டும் என விரும்புகிறேன் – ஐ வாண்ட் யூ டு ஹெல்ப் மீ.

போக வேண்டாம் என அவர்களை எச்சரித்தோம் – வீ வார்ன்ட் தெம் நாட் டு கோ.

தமிழ் வாக்கியத்தைத் தாய் சொல்ல, ஆங்கிலத்தைப் பிள்ளை சொல்லட்டும். பிறகு மாற்றிச் சொல்லுங்கள். ஆங்கிலம் அறியாத தாய்மாரும் தயங்க வேண்டியதில்லை. 'அவனைப் போகச் சொன்னேன்' என்று பேசத் தெரிந்தவர் எவரோ, அவர் இவ்விலக்கணத்தில் பாதியை முன்னரே கற்றவர்.