மத்திய சுகாதார மந்திரி அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



இரத்த அழுத்தத்திற்கென்று எனலாப்ரில் மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்ட ஒரு மூதாட்டி, சில வாரங்களுக்குள் வறட்டு இருமல் பிடித்து, மறுபடியும் ஓ.பி. சீட்டுடன் வரிசையில் நின்று, வேறொரு டாக்டரிடம் இருமல் சிரப் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்; எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் முடிந்த பின்னரும், உபத்திரவத்திற்குக் காரணம் தாம் நாள் தவறாமல் விழுங்கும் அந்த மாத்திரைதான் என்று அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடிய விஷயம் இது. பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் விளைவே இவ்விதம் தப்பிவிடுமானால், இன்னும் எவரும் அறியாத விளைவுகளின் கதி என்ன?

மருந்துகளின் பாதகங்களைக் கண்காணிக்க 2010-ல் தாங்கள் வகிக்கும் இலாகா ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. காஸியாபாத்தில் அதன் தலைமை நிலையம் இன்றும் சிரத்தையுடன் பணியாற்றுகிறது. ஆயினும் அது பெரிதும் நம்பியிருப்பது டாக்டர்களும் நர்ஸுகளும் தாமாக முன்வந்து பூர்த்தி செய்து அனுப்பும் படிவத்தை. வாசல்வரை நோயாளிகள் நிற்கும் ஓ.பி.யில் அதற்கு அவகாசம் ஏது?

படிவத்தை மட்டும் நம்பியிராத வழிகளும் உண்டு. அமெரிக்காவில் சால்ட் லேக் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடத்திய ஆராய்ச்சி 1991-ல் வெளியாயிற்று. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவருக்குத் திடீரென வைட்டமின் கே எழுதப்படுவது, வெள்ளையணுக்கள் குறைவது போன்ற குறிகளைக் கணினி சதா கவனித்திருக்க, அது சுட்டியவற்றை மருந்தாளுநர் நேரில் ஆராய்ந்து நிர்ணயம் செய்தார்கள். ஒன்றரை ஆண்டில், 36,653 நோயாளிகளிடையே 731 பாதகங்கள் உறுதியாயின. அதே காலத்தில் பழைய முறை கண்டறிந்தவை ஒன்பதே. டென்மார்க்கின் ஆராய்ச்சியாளர் ஹாலாஸ் 1996-ல் காட்டிய வழியோ இன்னும் எளியது: உதாரணமாக, எனலாப்ரில் மாத்திரை தொடங்கியபின் இருமல் சிரப் வாங்கியவர் எத்தனை பேர், அதற்குமுன் வாங்கியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதுதான். மாத்திரை நிரபராதியானால் இரு தொகையும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும்.

யந்திரத்தின் சந்தேகம் தீர்ப்பாகாது என்பதை நான் மறுக்கவில்லை. நோயின் முதல் அறிகுறிக்காகக் கொடுத்த மருந்தையே அந்நோய்க்குக் காரணமென்று அது பழிக்கக்கூடும். ஆகவேதான் அதன் பக்கத்தில் மருந்தியல் கற்ற மனிதர் ஒருவர் அவசியம்.

2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நோயாளியின் பதிவேடுகளை ஒன்றிணைக்க முனைந்திருக்கிறது. கிறுக்கெழுத்துச் சீட்டைப் படமெடுத்துச் சேமிப்பது பதிவேடு ஆகாது. மருந்தின் பொதுப்பெயரும், தொடங்கிய தேதியும், நிறுத்திய தேதியும், இரத்தப் பரிசோதனை முடிவும் கணினி வாசிக்கும் எழுத்தில் ஏற வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலேனும் இதை முதலில் செய்து, பெயர் நீக்கிய அப்பதிவுகளைக் காஸியாபாத் நிலையம் ஆராயவும், கண்டதை மருந்தெழுதிய டாக்டருக்கே திரும்பத் தெரிவிக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.