நாகையிலிருந்து கோடியக்கரை வரை மிதிவண்டித் தடம் கோரும் மனு

அனுப்புநர்:
மிதிவண்டி ஓட்டுவோர் சங்கத்தினர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

நகல்: நெடுஞ்சாலை, நீர்வளம், வனம், ஊரக வளர்ச்சித் துறைகளின் மாவட்ட அலுவலர்கள், தெற்கு ரயில்வே, திருச்சிராப்பள்ளி கோட்டம்.

பொருள்: நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி – வேதாரண்யம் – கோடியக்கரை இடையிலான கடலோரச் சாலைகளையும் கிராமச் சாலைகளையும் மிதிவண்டிக்கு ஏற்றவாறு சீரமைத்து, ஒரே தொடர் தடமாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மிதிவண்டித் தடம் என்றதும், வெளியூரிலிருந்து தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக வருகிறவர்களுக்கான சுற்றுலா வசதி என்று இம்மனுவை ஒதுக்கிவிட வேண்டாம் என முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம். அவர்களும் வருகிறார்கள், வரட்டும். ஆனால் விடியுமுன்னே அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போகும் தொழிலாளியும், கேரியரில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்குப் போகும் வியாபாரியும், மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும்தான் இச்சாலைகளில் அன்றாடம் மிதிக்கிறவர்கள். 11-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்த அரசு, அதை உயிர் பயமின்றி ஓட்ட இடமும் கொடுக்க வேண்டும். எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவையே.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து தொடங்குகிறோம். இருவழி நெடுஞ்சாலைக்கு 7 மீட்டர் ஓடுதளமும், இருபுறமும் தார் போட்ட ஓரப் பகுதியும் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரசின் விதிநூல் சொல்லும் அமைப்பு. அந்த ஓரம்தான் எங்கள் சாலை. அது இல்லாத இடத்திலும், இருந்தும் மண் மூடிக் கிடக்கும் இடத்திலும், பின்னால் பேருந்து ஹார்ன் அடித்தால் தாரை விட்டு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம் இருந்தால், இறங்குவது விழுவதாகிவிடும். ஆகவே நாகையிலிருந்து வேதாரண்யம் வரை ஓரப் பகுதியை அளந்து, விடுபட்ட இடங்களை நிரப்பி, விளிம்பை மண்ணோடு சமன்செய்து தர வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்தே வரும் பக்தர் கூட்டத்துக்கும் இதே ஓரம்தான் பாதை என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டுகிறோம்.

இரண்டாவது, கருவை முள். அலுவலக மேசையில் இது சிறிய விஷயமாகத் தெரியலாம். எங்களுக்கு இதுதான் முதல் எதிரி. சாலையோரச் சீமைக்கருவேலத்தை வெட்டுகிறார்கள், நன்றி. வெட்டிய கிளையை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அது நான்கு நாளில் காய்கிறது. லாரிச் சக்கரம் அதை நொறுக்கி முள்ளைத் தார் மேலே பரப்புகிறது. லாரிக்கு ஒன்றும் ஆவதில்லை. பஞ்சர் ஒட்டக் கடை இல்லாத உப்பளப் பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் தொழிலாளிக்குப் பாதி நாள் கூலி போகிறது. வெட்டும் ஒப்பந்தத்திலேயே, வெட்டிய அன்றே முள்ளை அப்புறப்படுத்தி ஓரத்தைப் பெருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி நிறைவேறாத வரை பணம் கொடுக்கக் கூடாது.

அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காய்வதைப் பற்றி எங்களிடம் புகார் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள். மழைக்கும் பனிக்கும் நடுவில் விவசாயி சாலையில் கொட்டாமல் எங்கே கொட்டுவார்? அவருக்குத் தேவை சிமென்ட் களம். கொள்முதல் நிலையம் உள்ள ஒவ்வோர் ஊரிலும் போதுமான களம் கட்டிக் கொடுத்தால் அவருக்கு நெல்லும் காயும், எங்களுக்குச் சாலையும் கிடைக்கும்.

நெடுஞ்சாலை மட்டுமே வழி என்றும் இருக்க வேண்டியதில்லை. அதற்குக் கிழக்கே விழுந்தமாவடி, வானவன்மகாதேவி, வெள்ளப்பள்ளம், நாலுவேதபதி, புஷ்பவனம் என்று கடலோர ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. வேதாரண்யம் கால்வாயும் இருக்கிறது. உப்பு ஏற்றிய படகுகள் நாகைக்குப் போய்வர பிரிட்டிஷார் காலத்தில் வெட்டியது. இவ்வூர்ச் சாலைகளையும் கால்வாய்க் கரையில் உறுதியான பகுதிகளையும் இணைத்தால், கனரக வாகனத் தொல்லை குறைந்த தடம் பெரும்பகுதி கிடைத்துவிடும். புதிதாக நிலம் எடுக்க வேண்டாம். எங்கே பாதை அறுபடுகிறது, எந்த மதகில் கைப்பிடிச் சுவர் இல்லை என்று துறையினரும் எங்கள் சங்கமும் சேர்ந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் குறிக்க வேண்டும். காரில் போய்ப் பார்த்தால் இவை கண்ணில் படாது.

வழிகாட்டிப் பலகைக்கு மலிவான முறை ஒன்று உண்டு. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995-இல், சுரங்கப் பொறியாளர் ஒருவரின் யோசனைப்படி, கிராமச் சாலைகளின் சந்திப்புகளுக்கு எண் கொடுத்தார்கள். அடுத்தடுத்த எண்களைக் குறித்துக்கொண்டு எவரும் தம் வசதிப்படி போகலாம். பின்னர் நெதர்லாந்து வரை பரவிய முறை இது. இங்கும் சந்திப்புக்கு ஓர் எண், தமிழில் ஊர்ப்பெயர், தூரம், அருகில் குடிநீர் கிடைக்கும் இடம் ஆகியவை எழுதிய சிறு பலகை போதும். தலைவர்கள் படம் போட்ட பெரிய வளைவுகள் வேண்டவே வேண்டாம்.

நிழல் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் இப்பகுதியின் தென்னையையும் மாவையும் சவுக்கையும் சாய்த்துவிட்டுப் போனது. சித்திரை, வைகாசியில் எதிர்க்காற்றில் தெற்கு நோக்கி மிதிப்பவர் ஒதுங்க மரம் தேட வேண்டியிருக்கிறது. வேம்பு, புங்கன், பூவரசு, புன்னை நடுங்கள். இடையிடையே பனையும் இருக்கட்டும். நிழல் குறைவுதான், ஆனால் புயலுக்கு நின்றது அதுதான்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை சுமார் 11 கிலோமீட்டர். உப்பளமும் காடும் பறவைகளும் சேர்ந்த பகுதி. 2002 முதல் ராம்சர் ஈரநிலம். வெளிமானும் பூநாரையும் உள்ள இடத்துக்கு மிதிவண்டியைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. இச்சாலையில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் கட்டுப்படுத்தவும், உப்பு லாரிகள் தார்ப்பாய் கட்டிச் செல்வதை உறுதிசெய்யவும், கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் மிதிவண்டிகளுக்குப் பகல் நேர அனுமதியைத் தெளிவாக எழுதி வைக்கவும் கோருகிறோம். காட்டுக்குள் புதிய சாலையோ விளக்கோ நாங்கள் கேட்கவில்லை. யாராவது கேட்டால் எதிர்ப்போம்.

திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி பாதை அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்த ரயிலில் மிதிவண்டியை ஏற்ற ஒரு மூலை ஒதுக்கினால், ஒரு வழி மிதித்து மறுவழி ரயிலில் திரும்பலாம். இதை ரயில்வே கோட்டத்துக்கு மாவட்ட நிர்வாகம் பரிந்துரைக்க வேண்டும்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவு, நடப்பவர்களுக்கும் இயந்திரமில்லா வாகனங்களுக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்திருக்கிறது. 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்புத் தரத்தை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. நாங்கள் நீதிமன்றத்தை நோக்கி நடக்க விரும்பவில்லை. இருக்கிற விதியைப் பின்பற்றச் சொல்கிறோம்.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் வேதாரண்யம் வந்து சேர்ந்து, அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். 2030-இல் அதன் நூற்றாண்டு. அதற்குள் இத்தடம் முடிய வேண்டும் என்பது எங்கள் காலக்கெடு. முதற்கட்டமாக, இம்மனு கிடைத்த ஒரு மாதத்துக்குள் துறை அலுவலர்களையும் எங்கள் பிரதிநிதிகளையும் கூட்டி ஆய்வுக் கூட்டம் நடத்தவும், கூட்டுக் கள ஆய்வுக்கு நாள் குறிக்கவும், அடுத்த பருவமழைக்கு முன் முள் அகற்றும் பணியையும் விளிம்புச் சீரமைப்பையும் தொடங்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.