அந்த வீட்டுக்குள் வராத சாதி

'காதல் என்பது பொதுவுடமை' படத்தை நம் தோழர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கி, 2025 காதலர் தினத்தன்று வெளியான சிறு பட்ஜெட் படம். மகளின் காதலை மகிழ்ச்சியோடு ஏற்கும் தாய், விருந்துக்கு வந்த காதலர் ஒரு பெண் என்றதும் உடைந்துபோகிறார். கதை பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்தான் நடக்கிறது. அதுவே பலம். முற்போக்கு பேசும் அந்தத் தாய்க்கு (ரோகிணி) தப்பித்துப் போக வழியில்லை. சாதி மறுப்புத் திருமணத்துக்கு மாலை எடுத்துக் கொடுக்கும் நம்மில் பலரும் அவர் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறோம்.

பலவீனமும் அந்த வீடுதான். அங்கே காதலுக்குக் குறுக்கே நிற்பது பாலினம் மட்டுமே. நான் தருமபுரிக்காரன். இளவரசனின் சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, 2012 நவம்பரில் நத்தம் காலனி எரிக்கப்பட்ட மாவட்டம் இது. இங்கே இரண்டு பெண்கள் காதலித்தால், 'அவ என்ன ஆளுங்க?' என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். அவர்களில் ஒருத்தி தலித் என்றால், விலை கொடுப்பது அவள் குடும்பம் மட்டுமல்ல, அவள் தெருவும்தான்.

அந்தக் கதையைச் சொல்லப் பெரிய பணம் தேவையில்லை என்று இந்தப் படமே காட்டிவிட்டது. காலனியிலிருந்து யாராவது கேமராவை எடுக்கட்டும்; நாம் துணை நிற்போம்.