துப்பாக்கிக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம்

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு தம்பி இருக்கிறார். ராணுவத்தில் 15 வருஷம் முடித்துவிட்டு ஊருக்கு வந்தவர். இப்போது ஒரு வங்கிக் கிளையில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்திருக்கிறார். போன வாரம் காலை நடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, அந்த 12 போர் துப்பாக்கியை எத்தனை நாளைக்கு ஒரு தடவை க்ளீன் பண்ணணும்? தினமும் பண்ணணும்னு ஒருத்தர் சொல்றார். சுடவே இல்லையே, எதுக்கு பண்ணணும்னு இன்னொருத்தர் கேக்கறார்.”

டீக்கடை வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. நான் பட்டாளத்தில் 17 வருஷம் இருந்தவன். அதன் பிறகு 23 வருஷம் அந்தத் தம்பி பார்க்கிற அதே வேலையைப் பார்த்தவன். குறைவாகத் துடைத்ததன் பலனையும் கண்டேன், அதிகமாகத் துடைத்ததன் பலனையும் கண்டேன். அதனால் என் கருத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

1968-ல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தபோது எனக்கு 18 வயது. எங்கள் கையில் முதலில் கொடுத்தது த்ரீ நாட் த்ரீ. சுட்டுவிட்டு வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் துப்பாக்கிக்குத்தான் கவனிப்பு. புனல் வைத்துக் குழலுக்குள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவோம். பிறகு புல்த்ரூ என்கிற கயிற்றில் சிந்தித் துணியை மாட்டி இழுப்போம். துணி வெள்ளையாக வரும்வரை விடமாட்டார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளும் மறுபடி துடைக்க வேண்டும்.

குளிரில் விரல் விறைக்க நின்று, எதற்கு இந்த வெந்நீர் என்று முணுமுணுத்திருக்கிறேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் சேர்ந்திருக்கும். வெடித்ததும் அது ஒருவித உப்பாகிக் குழலுக்குள் படிந்துவிடும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிவதுபோல அந்த உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மறுநாளே துரு பிடிக்க ஆரம்பிக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெயை மட்டும் பூசியவன் உப்புக்கு மேலே போர்வை போர்த்தியவன்தான்.

ஆனால் சுடாத நாளிலும் மணிக்கணக்கில் தேய்க்க வைத்தார்களே, அது துப்பாக்கிக்காக அல்ல, எங்களுக்காக. சோம்பி உட்காராமல் இருக்கவும், கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டும் அளவுக்குக் கை பழகவும்தான். பயிற்சிக்கு அது சரி. அதையே பராமரிப்பு என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு. எங்கள் ஆர்மரர் ஹவில்தார் ஒருவர் சொல்வார், “சுட்டுக் கெட்ட குழலைவிடத் துடைச்சுக் கெட்ட குழலைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன்” என்று. புல்த்ரூவைக் கோணலாக இழுத்தால் கயிறு குழல் வாயின் விளிம்பில் உரசும். பல வருஷம் அப்படி உரசினால் விளிம்பு ஒரு பக்கம் தேயும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டு வெளியே போகும் இடம் அதுதான். அங்கே தேய்ந்தால் குறி போச்சு.

பிறகு எஸ்.எல்.ஆர். வந்தது. அதில் வேறு பாடம். வெடித்த புகையின் அழுத்தத்தில்தான் அது அடுத்த தோட்டாவை ஏற்றும். அந்தப் புகை போகும் பாகங்களில் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஆனால் எண்ணெய் விடாமல் உலர்வாக வைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் வெப்பத்தில் கருகிக் கெட்டியாகும். எல்லா இடத்துக்கும் எண்ணெய் நல்லது என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் போயிருக்க வேண்டும். போகவில்லை.

1986-ல் வங்கியில் சேர்ந்தேன். கடலோர ஊர்க் கிளை. எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போன இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். மரம் பளபளவென்று இருந்தது. இரும்பும் மின்னியது. மடித்துத் திறந்து ஜன்னல் பக்கம் வெளிச்சம் பார்த்தேன். வலது குழலில் வட்டமாக வானம் தெரிந்தது. இடது குழல் இருட்டு.

கம்பியை விட்டுக் குத்தினால் மண் உதிர்ந்தது. குளவிக் கூடு! எத்தனை மாதமாக இருந்ததோ தெரியாது. அந்த நிலையில் யாராவது சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடது கை போயிருக்கும். வெளியே மட்டும் துடைத்தவரின் சுத்தம் அது.

அதைப் பார்த்த பயத்தில் நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். தினமும் காலையில் குழலுக்குள் எண்ணெய். பூட்டுக்குள் எண்ணெய். சாமிக்கு அபிஷேகம் செய்வதுபோலச் செய்தேன். இரண்டு வருஷம் கழித்துச் சுடும் பயிற்சிக்குப் போனோம். முதல் தோட்டா வெடிக்கவில்லை. ‘டிக்’ என்று சத்தம் மட்டும் வந்தது. தாமதமாக வெடிக்கலாம் என்பதால் குழலைக் குறிப்பக்கமே பிடித்து அரை நிமிஷம் நின்றேன். அந்த அரை நிமிஷத்தில் வேர்த்த வேர்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதும் அப்படியே. அறையில் தேங்கிய எண்ணெய் தோட்டாவின் அடிக்குள் கசிந்து மருந்தை நமத்துவிட்டது. பட்டையை முன்பக்கம் பிரித்துப் பார்த்தால் இரும்பு சேரும் இடத்தில் மரமும் எண்ணெய் குடித்து மெத்தென்று ஆகியிருந்தது. இரண்டு வருஷமாக நான் காவல் காத்தது எண்ணெய் போட்ட தடியை வைத்துக்கொண்டுதான்.

“இப்போ வர்ற துப்பாக்கிக்கெல்லாம் க்ளீனிங்கே வேண்டாம்” என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்படி நம்பி அனுபவித்தவர்கள் அமெரிக்கர்கள். வியட்நாமில் எம்-16 துப்பாக்கியைப் போதுமான துடைப்புக் கருவி கொடுக்காமலே சிப்பாய்களிடம் கொடுத்தார்கள். அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்ற பேச்சும் இருந்தது. தோட்டாவின் வெடிமருந்தையும் மாற்றியிருந்தார்கள். தோட்டா அறையின் உள்பக்கம் குரோமியப் பூச்சும் இல்லை. சண்டை நடுவே வெற்றுக் கூடு உள்ளே சிக்கிக்கொண்டது. 1967-ல் அவர்கள் நாடாளுமன்றக் குழுவே விசாரிக்க வேண்டி வந்தது. எல்லாக் குற்றமும் துடைக்காததால் வந்தது அல்ல. ஆனால் துடைக்க வேண்டாம் என்ற நம்பிக்கை அதில் ஒரு பங்கு.

ஆகவே என் கணக்கு இது. காலண்டரைப் பார்த்துத் துடைக்காதீர்கள், என்ன நடந்தது என்பதைப் பார்த்துத் துடையுங்கள். கை பட்டதா? டியூட்டி முடிந்ததும் லேசாக எண்ணெய் காட்டிய துணியால் வெளி இரும்பை ஒரு துடை. நம் ஊர் வேர்வையிலும் உப்பு இருக்கிறது. சுட்டதா? அன்றைக்கே துடையுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். சுடவே இல்லையா? மாதம் ஒருமுறை குழலில் வெளிச்சம் பார்த்து, உலர்ந்த துணி விட்டு, பிறகு விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் அளவுக்கு எண்ணெய் போதும். தோட்டா போடுமுன் அந்த எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும். தோல் உறையிலோ கேன்வாஸ் உறையிலோ போட்டு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்வது வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் தெரிந்த ஆர்மரர் கையால். ஆயுத பூஜை அதற்கு நல்ல நாள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம் அது. பெரியவர்கள் யோசித்துத்தான் வைத்தார்களோ என்னவோ. ஆனால் குழைத்த சந்தனத்தை மரத்தில் மட்டும் வையுங்கள். இரும்பில் வைத்து மறந்தால் தீபாவளிக்குப் பொட்டு வைத்த இடத்தில் துரு இருக்கும்.

இவ்வளவும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். ஆனால் இதையெல்லாம் சொல்லுமுன் வேறொன்றைச் சொன்னேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் மனைவியின் அண்ணன் ஜவ்வாது மலை அடிவாரத்தில் விவசாயம் பார்க்கிறவர். பன்றி விரட்ட உரிமம் வாங்கிய பழைய துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார், வாய் வழியாகக் கருமருந்து கெட்டிக்கிற வகை. 2011 சட்டமன்றத் தேர்தல் சமயம். உரிமத் துப்பாக்கியையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது துரு பிடித்து வருகிறது என்று போனில் குறைப்பட்டார். நான் விவரமாகச் சொன்னேன். கருமருந்துக் கரிக்கு வெந்நீர்தான் மருந்து, நன்றாக உலர்த்துங்கள், எண்ணெய் இவ்வளவு, துணி இப்படி என்று பத்து நிமிஷம் பேசினேன்.

உள்ளே மருந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அந்த வகையில் திறந்து பார்க்க முடியாது. கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று வெளியே வைத்து அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதமாகப் பரணில் கிடந்த துப்பாக்கியில் மருந்தும் இருந்தது, கேப்பும் இருந்தது. குழல் வாயை இடது கையால் பிடித்துக்கொண்டு குதிரையைத் துடைத்திருக்கிறார். விரல் வழுக்கியது. இரண்டு விரல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் சிரித்தார். “மாப்ளே, எண்ணெய் எத்தனை சொட்டுன்னு கரெக்டா சொன்னே.”

அவர் குத்திக்காட்டவில்லை, அது அவர் சுபாவம். எனக்குத்தான் இன்றைக்கும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று யார் கேட்டாலும், காலியா என்று பார்த்துவிட்டாயா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். கண்ணால் பார், விரலால் தடவு, தோட்டாவை வேறு அறையில் வை. அந்தத் தம்பி, “தெரியும்ணே” என்றார். தெரியும்தான். தெரிந்தவர்களிடம்தான் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.